பாஸ்வேர்டு அடித்து முடிக்கும் வரை

கணினி நிர்வாகி என்பவர், எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை யாருக்கும் ஞாபகம் வராத ஆள். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். வேறு தொழில் என்றால், உங்கள் அலுவலகத்தின் கடைசி அறையில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே, அவரை நினைத்துக்கொண்டு படியுங்கள். புண்ணியமாகப் போகும்.

ஹம்பேர்க்கில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் அந்தக் கடைசி அறை என்னுடையது. விண்டோஸில் எக்ஸ்பி போய் விஸ்டா வந்த வருஷங்கள். ஊர் திருநெல்வேலி, கல்யாணம் ஆகவில்லை, ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "மோர்கன்" என்பார்கள். மதியம் ஆனால் சாப்பாட்டு வேளை வணக்கமாக "மால்ட்சைட்". சாயங்காலம் கிளம்பும்போது "ச்சூஸ்". இந்த மூன்று வார்த்தைகளுக்கு மேல் என்னிடம் யாரும் பேசியதில்லை. கெட்டவர்கள் இல்லை. பேச வேண்டிய காரியம் எதுவும் என்னிடம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். சனி ஞாயிறு முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை "மோர்கன்" சொல்லும்போது என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் பலருக்கும் நேர்ந்திருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். ஜெர்மன் அலுவலகங்களில் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முன்னால் ஆணுக்கு ஹெர், பெண்ணுக்கு ஃபிராவ் சேர்த்து. ஆக அங்கே நான் ஹெர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஓய்வு பெற்ற பேங்க் கேஷியரை ஹம்பேர்க்கில் நாள் முழுக்கக் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

இனி வருகிற பேச்செல்லாம் ஜெர்மனில் நடந்தவை. நம்மவர்கள் பேசுகிற இடம் மட்டும் தமிழ்.

இருண்ட திரை

எக்ஸ்பி இருந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்கு அட்மின், அவரவர் கணினிக்கு அவரவரே நிர்வாகி. ஒருவர் திரையில் மீன் நீந்தும், இன்னொருவர் திரையில் பனி பெய்யும். என் மேலாளர் ஹெர் பீட்டர்சன் இதைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், புதிய விண்டோஸ் போடும் சாக்கில் எல்லோருடைய உரிமையையும் ஒரே வார இறுதியில் பிடுங்கிவிட்டார். இனி யார் எதை மாற்றப் போனாலும் திரை முழுக்க இருண்டு, நடுவில் ஒரு பெட்டி எழும்பி, நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதைச் செய்து முடித்துவிட்டு அவர் மூன்று வார விடுமுறையில் கடற்கரைக்குப் போய்விட்டார். மேலாளர்களுக்கு இந்த ராசி எப்படித்தான் அமைகிறதோ.

திங்கட்கிழமை முதல் அழைப்பு மூன்றாம் மாடி ஹெர் பிராண்டிடமிருந்து. கப்பல் வருகையைக் கவனிக்கும் மூத்த ஆள். ஆற்றில் ஓதம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். திரை இருண்டதும் மின்சாரக் கோளாறு என்று நினைத்துக் கட்டடப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டுவிட்டார். நான் போனபோது அந்தப் பராமரிப்பாளர் புது ஒயரும் கையுமாக மேஜைக்கு அடியில் படுத்திருந்தார். நான் விஷயத்தை விளக்கினேன். கோளாறு இல்லை, அனுமதி கேட்கிறது என்றேன். ஹெர் பிராண்டின் கழுத்து சிவந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

"நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது அதோ அந்தப் பாலமே கிடையாது. என்னிடம் அனுமதி கேட்க இந்தப் பெட்டி யார்?"

ஜன்னல் பக்கம்

ஜெர்மானியர்களிடம் ஒரு நல்ல பழக்கம். நாம் பாஸ்வேர்டு அடிக்க உட்கார்ந்தால், சொல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நம் ஊரில் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கேப்பிடல் லெட்டரா சார்?" என்று உதவிக்கு வருவார்கள். இங்கே எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்ப்பார்கள். ஹெர் பீட்டர்சன் வைத்திருந்த பாஸ்வேர்டு ரயில் பெட்டி மாதிரி நீளம். அதிலும் ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், குறிகள் எல்லாம் எங்கேயோ ஒளிந்திருக்கும். இரண்டு தடவையாவது தப்பாகும். அதுவரை அவர் ஜன்னலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். சும்மா நிற்க முடியாத மனிதர் எதையாவது பேசியாக வேண்டும்.

அப்படித்தான் எனக்குப் பேச்சு கிடைத்தது. முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், வேலைக்குப் போக மறுக்கும் மகள் என்று எல்லாம் என் காதுக்கு வந்தன. எல்லாமே ஜன்னல் கண்ணாடியிடம் சொன்னவைதான், ஆனால் கேட்டது நான். அந்த ஒரு வாரத்தில் நான் கேட்ட ஜெர்மன், அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் கேட்டதைவிட அதிகம். மாடிக்கும் அறைக்கும் ஏறி இறங்கிக் கால் கடுத்தது. மனசு மட்டும் பறந்துகொண்டிருந்தது. தொழில் தோழர்களே, நான் கொஞ்சம் நிதானமாகவே அடித்தேன் என்றால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அந்த வாரம் ஹெர் பிராண்டிடம் மூன்றாவது தடவை போனபோது அவர் ஜன்னல் சட்டத்துத் தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, மனைவி பெட்டியோடு பிரேமனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வருவாள் என்று தோன்றவில்லை என்று பாலத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த மாதிரி நேரத்துக்கான ஜெர்மன் எனக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை. மறுபடி அடித்து முடித்து, "ஆயிற்று" என்றேன். அவர் திரும்பி, டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் பாஸ்வேர்டைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நீங்களும் கேட்கவில்லை."

பிறந்த நாள் இல்லாதவர்

கணக்குப் பிரிவு ஃபிராவ் லோரன்சன்தான் அலுவலகத்தின் பிறந்த நாள் இலாகா. அவருடைய கணினியில் ஒரு பழைய காலண்டர் புரோகிராம். யாருக்குப் பிறந்த நாளோ அன்று காலையில் ஒரு மணி அடித்துப் பெயர் சொல்லும். புதிய விண்டோஸில் அது வாயே திறக்கவில்லை. தன் குறிப்புகளைத் தன் ஃபோல்டரில் எழுத அதற்கு அனுமதி இல்லை. அன்று மூன்றாம் மாடியில் ஒருவரின் பிறந்த நாளுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து அட்டையைத் தவறவிட்டுவிட்டார்கள். ஃபிராவ் லோரன்சன் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார். ஏதோ கப்பல் முழுகியதுபோல் முகம்.

நான் அந்த ஃபோல்டருக்கு உரிமை கொடுத்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் மாதவாரியாக ஓடின. துப்புரவுக்கு வருகிறவர் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. அப்பா பெயரும் இல்லை. போன நவம்பரில் என் பிறந்த நாளன்று, கதவு தட்டப்படும் என்று சாயங்காலம்வரை அறையைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஏன் யாரும் வரவில்லை என்று வாய்க்குள் வைத்திருக்க முடியாமல் கேட்டே விட்டேன். அவர் உண்மையாகவே திடுக்கிட்டுப் போனார். ஜெர்மனியில் பிறந்த நாள்காரர்தான் கேக் கொண்டுவந்து சமையலறையில் வைத்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிடாமல் போய் வாழ்த்தினால் மூக்கை நுழைத்தது மாதிரி ஆகிவிடுமாம்.

"உங்களுக்குக் கொண்டாட்டம் பிடிக்காது என்றல்லவா நினைத்தோம்? நீங்கள் கேக்கே கொண்டுவரவில்லையே!"

ஒரே அட்டவணை, இரண்டு பேர்

இது இரண்டாவது வாரம். கன்டெய்னர் எடுக்க வரும் லாரிகளுக்கு நேரம் குறித்துத் தரும் கவுன்டரில் ஒரே கணினி. காலை ஷிப்டில் ஃபிராவ் ஹான்சன், மதியம் ஹெர் யில்மாஸ். அவரவர் பெயரில் உள்ளே நுழைவார்கள், இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணை. விண்டோஸ் மாறியதிலிருந்து, காலையில் அவர் எழுதியதை மதியம் இவரால் பார்க்க முடியவில்லை. இவர் எழுதியது மறுநாள் காலை அவருக்கு இல்லை. ஒரே நேரத்துக்கு இரண்டு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. "நீங்கள் அழித்தீர்கள்" என்று அவர், "நீங்கள் எழுதவே இல்லை" என்று இவர். முதலில் மஞ்சள் காகிதத்தில் திட்டி ஒட்டினார்கள். பிறகு அதுவும் நின்று, ஷிப்ட் மாறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாற்காலி மட்டும் கைமாறியது. பத்து வருஷம் ஒரே ஃபிளாஸ்க்கில் காபி குடித்தவர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரையும் நிற்க வைத்துப் பார்த்தேன். தொழில் தெரிந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். பழைய புரோகிராம் தன் சொந்த ஃபோல்டரில் எழுதப் பார்க்கிறது. புதிய விண்டோஸ் அதற்கு அனுமதி தருவதில்லை. ஆனால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதும் இல்லை. எழுதியதை எழுதின மாதிரியே காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு தனிப் பிரதி போட்டு அவரவர் கணக்கில் ஒளித்துவைத்து விடுகிறது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரும் இரண்டு உலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டு பிரதிகளையும் ஒன்றாக்கி, ஃபோல்டருக்கு இருவர் பெயரிலும் உரிமை கொடுத்தேன். காலையில் எழுதியதும் மாலையில் எழுதியதும் ஒரே திரையில் வரிசையாக வந்து நின்றன. ஹெர் யில்மாஸ் தரையைப் பார்த்தார். ஃபிராவ் ஹான்சன் ஜெர்மானியருக்கே உரிய ஒழுங்கோடு என்னைக் கேட்டார்.

"தப்பு எங்கள் இருவர் மேலும் இல்லையென்றால், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?"

மகன்தான் அட்மின்

சனிக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஈழத் தமிழர் கடைக்குப் போவேன். முருங்கைக்காய் ஒரு சாக்கு, தமிழ் கேட்பதற்குத்தான் போவது. கடை வசந்தி அக்காவும் அவர் கணவர் சிவம் அண்ணையும் நடத்துவது. நான் கம்ப்யூட்டர் வேலை என்று எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்கள். அன்று போனதும் அண்ணை கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "மகன் லீவில வந்து கொம்பியூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டவன். தான்தான் அட்மின் எண்டு சொல்லிப்போட்டு கார்ல்ஸ்ரூஹேக்குப் படிக்கப் போயிட்டான். இப்ப விலைச்சீட்டு அடிக்க வெளிக்கிட்டாலும் இருட்டுப்பட்டுப்போய் பாஸ்வேர்ட் கேக்குது. ஒவ்வொருக்காவும் இவ அவனுக்குப் போன் எடுக்கவேண்டிக் கிடக்கு. ஏதும் செய்ய ஏலுமோ தம்பி?" என்றார்.

நம் வீடுகளில் இது சகஜம்தான். பெற்றோர் கடை நடத்துவார்கள், வீட்டு வாடகை கட்டுவார்கள், ஆனால் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி மூத்த பிள்ளை. பிள்ளை வேறு ஊருக்குப் போனதும் வீட்டில் நிர்வாகமே இருக்காது. "மகன்கிட்ட ஒரு தடவை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிட்டா போதும் அண்ணை. அக்கா அக்கவுன்ட்டையே அட்மின் ஆக்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை, அப்புறம் யாருக்கும் போன் பண்ண வேண்டாம்" என்றேன். அண்ணைக்கு ஏக சந்தோஷம். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, யோசிக்காமல், தடவாமல், படபடவென்று பாஸ்வேர்டை அடித்தார். திரை வெளிச்சமாகி, விலைச்சீட்டு ஓட ஆரம்பித்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன் எண்டுவான், எடுக்கமாட்டான். இதுக்கெண்டாத்தான் அஞ்சு நிமிசம் அம்மாவோட கதைக்கிறான். பாஸ்வேர்ட் எனக்கு எப்பவோ பாடம், தம்பி. நீங்கள் இதைத் திருத்திப்போடாதேங்கோ."

மணி அடிக்காத தொலைபேசி

ஹெர் பீட்டர்சன் நன்றாகக் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். அழைப்புப் பட்டியலைப் பார்த்து மலைத்துவிட்டார். ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் ஒரு ஆள் மாடி ஏறுவதா, இதற்கு ஒரு நிரந்தர வழி பண்ணுங்கள் என்றார். எனக்கு வசந்தி அக்காவின் முகம் வந்து போனது. ஆனால் அக்காவுக்கு அது மகன், எனக்கு இது வேலை. ஒவ்வொரு புரோகிராமும் எங்கே எழுதப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் உரிமை கொடுத்து, வழக்கமான பிரிண்டர்களுக்கு முன்கூட்டியே அனுமதி வைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் எல்லாக் கணினிக்கும் அனுப்பினேன். சொல்லக் கூடாது, ரொம்ப நேர்த்தியாக அமைந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை தொலைபேசி மணி அடிக்கவில்லை. மதியம் ஒருமுறை ரிசீவரை எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. மறுநாளும் அப்படித்தான். சாப்பிட்டேன், ஸர்வர்களின் இரைச்சலைக் கேட்டேன், வீட்டுக்குப் போனேன். மறுபடி மூன்று வார்த்தை மனிதனாகிவிட்டேன். இந்தத் தடவை அதை என் கையாலேயே செய்துகொண்டேன் என்பதுதான் கூடுதலாக வலித்தது. வாரக் கடைசியில், ஏதோ ஒயரைப் பார்க்கிற மாதிரி மூன்றாம் மாடிக்குப் போனேன். ஹெர் பிராண்ட் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"எல்லாம் பிரமாதமாக ஓடுகிறது, ஹெர் ஆவுடையப்பன். ஒன்றுமே கேட்பதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவே நேரமில்லை."

ஒரு துண்டு கேக்

நவம்பர் வந்தது. ஃபிராவ் லோரன்சன் சொல்லிக்கொடுத்தபடி பேக்கரியில் ஒரு தட்டு நிறைய வெண்ணெய் கேக் வாங்கி, சமையலறையில் வைத்து, எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். வந்தார்கள்! நான் நினைத்ததைவிட அதிகம் பேர். ஹெர் யில்மாஸும் ஃபிராவ் ஹான்சனும் சேர்ந்து வந்தார்கள். வரிசையாக நின்று, கையை இறுகப் பிடித்துக் குலுக்கி, "மனமார்ந்த வாழ்த்துகள், ஹெர் ஆவுடையப்பன்" என்றார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் அதே வார்த்தை, அதே பெயர். கொஞ்ச நேரத்தில் தட்டுகள் கழுவும் இயந்திரத்துக்குள் போய்விட்டன, மனிதர்களும் போய்விட்டார்கள். மேஜையைத் துடைத்துவிட்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாருடைய பிறந்த நாளுக்கோ போய்விட்டு வந்த மாதிரி இருந்தது.

கீழே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மா போனபிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். எங்கள் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி. "சாப்பிட்டியா? குளிரா? சரி, வைக்கட்டா, ஒனக்கு வேலை இருக்கும்." வேலை இல்லை அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றும் அவர் முந்திக்கொண்டார். நட்சத்திரப்படி என் பிறந்த நாள் போன வாரமே வந்து போய்விட்டது, கோயிலில் அர்ச்சனையும் ஆயிற்று என்றார். "சரி, வைக்கட்டா?" என்று வந்ததும் அவசரமாகச் சொன்னேன்: "இங்க இன்னைக்கு அத்தனை பேரும் உங்க பேரைச் சொல்லித்தான் வாழ்த்துனாங்கப்பா. பிறந்த நாள் எனக்கு, பேரு உங்களுக்கு."

"அப்ப எனக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சியால?"

இரண்டு சாவி

பொங்கலுக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சொந்த லேப்டாப்பில் அதுவரை விண்டோஸை மாற்ற நேரம் வரவில்லை. நம் தொழிலில் அதுதானே வழக்கம். அப்பாவின் சாப்பாட்டு மேஜையில் வைத்து மாற்றினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். திரை இருண்டு பெட்டி எழும்பியதும், "இது என்ன கேக்கு?" என்றார். தினசரி வேலைக்கு ஒரு கணக்கு, எதையாவது மாற்றுவதற்கு நிர்வாகி என்று இன்னொரு கணக்கு, அதன் பாஸ்வேர்டு இருந்தால்தான் நடக்கும் என்றேன். "ரெண்டும் யார்ட்ட இருக்கு?" "ரெண்டும் என்கிட்டதான்." அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேங்க்கில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று கேஷியரிடம். இரண்டு பேரும் நேரில் நின்றால்தான் கதவு திறக்கும். ஒருமுறை சொந்தத்தில் ஒரு சாவு வீட்டில் இருந்தபோது, மேனேஜர் ஆளனுப்பிச் சாவி கேட்டாராம். சாவியைக் கொடுத்தனுப்பாமல் அப்பாவே எழுந்து போய்த் திறந்துவிட்டு, மறுபடி வந்து துக்கத்தில் உட்கார்ந்தவர். "ஒரே ஆள்ட்ட ரெண்டு சாவியும் இருந்தா அது ஸ்ட்ராங் ரூம் இல்லல, சும்மா அலமாரி" என்றார்.

எனக்கு வசந்தி அக்கா ஞாபகம் வந்தது. "அப்ப நிர்வாகி சாவியை நீங்களே வச்சுக்கோங்கப்பா" என்று லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்தது. அவர் ஒரு விரலால் டொக், டொக் என்று புதுப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். சும்மா நிற்க முடியவில்லை. "அங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லப்பா. சில சமயம் ரெண்டு நாள் பேசாமலே இருந்துருக்கேன். கஷ்டமா இருக்கு" என்று அந்தத் துணிகளிடம் சொன்னேன். டொக் சத்தம் நின்றது. நான் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"திரும்பாதல. இன்னும் முடியல."

பிரிண்டர்

ஹம்பேர்க்குக்குத் திரும்பி வந்ததும் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கினேன். ஒயரைச் சொருகினேன். திரை இருண்டது, பெட்டி எழும்பியது. என் சொந்த லேப்டாப்பில் எனக்கு அனுமதி இல்லை. நம் ஆட்களுக்குத் தெரியும், அந்த மாதிரிப் பூட்டை ஒரு சிடி போட்டு டீ ஆறுவதற்குள் உடைத்துவிடலாம். ஊரில் எத்தனையோ பேருக்கு உடைத்துக் கொடுத்திருக்கிறேன். உடைக்கவில்லை. போனை எடுத்தேன். அப்பாவிடம் கேட்க ஒரு காரியம் கிடைத்த சந்தோஷத்தில் எண்ணைக்கூடத் தப்பாக அழுத்தினேன்.

"அப்பா, பாஸ்வேர்டைச் சொல்லுங்க, பிரிண்டர் போடணும்" என்றேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பாஸ்வேர்டை யாருக்கும் போனில் சொல்லக் கூடாது என்று நான்தானே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபதேசம் பண்ணினேன், அது அவருக்கு மட்டும் கிடையாதா என்றார். கெஞ்சினேன். இது பேங்க் இல்லை அப்பா என்றேன். பேங்க்கோ பிரிண்டரோ, சாவி சாவிதான் என்றார். பிரிண்டர் என்ன விலை, என்ன நிறம், எதை அச்சடிக்கப் போகிறாய், மதியம் என்ன சமைத்தாய், பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்ன அந்த ஜன்னல்காரர் மனைவி திரும்பி வந்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சு நீண்டுகொண்டே போனது. "வைக்கட்டா" என்ற வார்த்தை அன்று வரவே இல்லை. கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்து, அப்படியென்றால் என்னதான் வழி என்றேன்.

"கணேசா, சாவியைப் போன்ல குடுத்து எனக்குப் பழக்கம் இல்ல. கணேசா, லேப்டாப்பைத் தூக்கிட்டு நேர்ல வா, நானே அடிச்சுத் தாரேன். எப்ப வாரே?"

ஒரு கம்பெனிக்கே அனுமதி கொடுத்த நிர்வாகியான நான், சொந்தக் கணினியில் அனுமதி வாங்குவதற்காகப் போட்ட விமான டிக்கெட்டை அலுவலகப் பிரிண்டரில்தான் அச்சடித்தேன்.